நிகழ்ச்சி ஒன்றும் இல்லாத நாள்

நீண்டதோர் உல்லாசக் கடற்பயணத்திற்குச் சீட்டு வாங்கியிருந்த நண்பர் ஒருவர், அதன் பயண நிரலைத் தம் தந்தையாருக்காகத் தமிழில் எழுதித் தருமாறு நம்மிடம் கொடுத்தார். எளிய வேலைதான். தேதி ஒரு கட்டத்தில், துறைமுகத்தின் பெயர் அடுத்த கட்டத்தில், கப்பல் சேரும் நேரமும் புறப்படும் நேரமும் அதற்கடுத்த இரண்டு கட்டங்களில். ஆனால் சில தேதிகளுக்கு எதிரே துறைமுகத்தின் பெயரே இல்லை. ‘கடலில்’ என்று மட்டும் போட்டிருந்தது. சேரும் நேரமும் புறப்படும் நேரமும் காலி. மத்திய அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பதே பிழைப்பாகிவிட்ட நமக்கு, காலியான கட்டத்தைக் கண்டால் ‘இல்லை’ என்று நிரப்பிவிடும் பழக்கம் உண்டு. அன்று அவ்வாறு எழுதக் கை வரவில்லை. ஒரு முழுநாளை ‘இல்லை’ என்று எழுதிவிடலாமா?

நாம் குடியிருக்கும் பள்ளுருத்தி, மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயலுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலப்பகுதி. மேற்கே சற்று நடந்தால் அரபிக் கடல். மழைக்காலம் ஓய்ந்து வானம் வெளுத்த பின், பெரிய உல்லாசக் கப்பல்கள் கொச்சி முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து, வில்லிங்டன் தீவின் துறையில் ஒரு பகல் நின்று, மாலையில் புறப்பட்டுவிடும். அவை நமக்குக் காட்டுவது வருகையையும் புறப்பாட்டையுமே. மும்பைக்கும் கொச்சிக்கும் இடையே ஏறத்தாழ 580 கடல் மைல். ஏடன் வளைகுடாவிலிருந்து நேரே வந்தால் நான்கு நாளுக்குக் குறையாத வழி. அந்த நாள்களில் கரையும் தெரியாது. எதிரே வேறொரு கப்பல் தென்படுவதும் அரிது. அப்படிப்பட்ட நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையே இங்கே சொல்ல முற்படுகிறோம். அது ஒரே வரலாறு அன்று. யார் கையில் அந்த நாள் இருந்தது என்பதைப் பொறுத்து அது வேறு வேறாகிறது.

கடலைப் பாடுவதில் தமிழர் எவருக்கும் பின்வாங்கியவர் அல்லர். எனினும் நம் பழம்பாட்டின் கடல் பெரும்பாலும் கரையில் நின்று பார்த்த கடல். நெய்தல் என்பது கடற்கரை. அதன் பொழுது எற்பாடு. அதன் உரிப்பொருள் இரங்கல். போனவன் திரும்பி வருவானோ என்று கரையில் இருப்பவள் வருந்துவதே அங்கே பொருள். போனவன் அன்று நடுக்கடலில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று பாட்டுச் சொல்லுவதில்லை. அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனரின் மரக்கலங்கள் பேரியாற்றின் நுரை கலங்க முசிறிக்கு வந்து, பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் செல்வதைச் சொல்கிறார். அந்த முசிறி, கொச்சிக்கு வடக்கே, கொடுங்கல்லூரை அடுத்த பகுதியில் இருந்தது. வந்ததும் சென்றதும் பாட்டில் உள்ளன, இடைவழி இல்லை. உரோம நாட்டுப் பிளினி எண்ணிக்கையாவது தருகிறார்: செங்கடல் வாயிலிலுள்ள ஓக்கிலிஸ் என்னும் துறையிலிருந்து, பருவக்காற்றைப் பிடித்து ஓடினால் முசிறிக்கு 40 நாள். அவ்வளவு நாள் ஆகியிராது, அதில் பாதியே போதும் என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இருபதானாலும் நாற்பதானாலும், அத்தனை நாளும் அவருக்கு ஓர் எண்ணாகவே முடிந்தன.

கரை தெரியாத நாளில் கப்பலோட்டிக்கு முதல் வேலை, காலத்தைத் தவறவிடாமல் இருப்பது. நிலத்தில் மரமும் மலையும் கோயில் மணியும் நேரம் சொல்லும். கடலில் யாராவது எண்ணிக்கொண்டே இருந்தால்தான் உண்டு. ஐரோப்பியக் கப்பல்களில் அரைமணிக்கு ஒருமுறை மணல் கடிகாரத்தைப் புரட்டிவைக்கச் சிறுவர்கள் இருந்தார்கள். காவல் முறை நான்கு மணி நேரம். நம் இலக்கணத்தார் வகுத்த சிறுபொழுது ஆறும், ஒவ்வொன்றும் பத்து நாழிகையாக, அதே நான்கு மணி நேரந்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அராபிய மாலுமிகள் வேறு கணக்கு வைத்திருந்தனர். மூன்று மணி நேரம் ஓடும் தூரத்தை அவர்கள் ‘ஸாம்’ என்றனர். நாளுக்கு எட்டு ஸாம். நம் யாமமும் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரமே. நாளுக்கு எட்டு யாமமே. இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டு என்று சொல்லுவாரும் உளர். உறவு வேண்டுமானால், மாலுமி என்ற சொல்லே போதும். கற்பிப்பவர் என்னும் பொருளுள்ள ‘முஅல்லிம்’ என்ற அராபியச் சொல்தான் நம் கரையில் மாலுமி ஆயிற்று. சுக்கானும் நங்கூரமும் அவ்வழியே கடல் கடந்து வந்த சொற்களே.

இரவில் அவர்கள் வடமீனின் உயரத்தை அளந்தார்கள். முடிச்சிட்ட கயிற்றில் கோத்த ஒரு சிறு பலகை. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு விண்மீனிலும் படும்படி நீட்டிப் பிடித்தால், எந்த முடிச்சு என்பதைக் கொண்டு எந்தத் துறைக்கு நேரே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். அளவின் பெயர் விரல். சோழ மண்டலக் கரையின் தோணிக்காரர்களிடமும் இக்கருவி இருந்தது, ராப்பலகை என்பார்கள். பகலில் உச்சிச் சூரியன். ஐரோப்பியக் கப்பல்களின் குறிப்பேட்டில் நாள் என்பதே நண்பகலில் தொடங்கி நண்பகலில் முடிவதாக நெடுங்காலம் இருந்தது. ஆங்கிலக் கடற்படை அவ்வழக்கத்தை 1805-ல்தான் கைவிட்டது. ஆகவே நிகழ்ச்சியற்ற நாளில் கட்டாயம் நிகழவேண்டிய ஒன்று, அந்த நண்பகல். சூரியனை அளந்து, ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு, ஓரிரு வரி எழுதி, புதிய நாளைத் தொடங்குவார்கள்.

எவ்வளவு குறைவாக எழுதுவார்கள் என்பதற்கு நம் கொச்சிக்கு நெருங்கிய எடுத்துக்காட்டே உண்டு. வாஸ்கோ ட காமா 1498-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியை விட்டுப் புறப்பட்டான். கப்பல்கள் மூன்று. வழிகாட்ட மலிந்தி அரசன் ஒரு மாலுமியைத் தந்திருந்தான். அம்மாலுமி புகழ்பெற்ற இப்னு மாஜித்தான் என்று பல நூல்களில் எழுதப்பட்டு, பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. இக்கால ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. அக்கப்பல்களில் சென்ற ஒருவர், பெயர் இன்னதென்று உறுதியாகாதவர், நாட்குறிப்பு ஒன்று எழுதிவைத்தார். ஐரோப்பாவையும் இந்தியாவையும் நேரே பிணைத்த அந்தக் கடற்பகுதியைக் கடந்ததற்கு அவர் செலவிட்டவை சில வாக்கியங்களே. புறப்பட்டோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெகுநாளாகக் காணாத வடமீனைக் கண்டோம், 23 நாள் கரையே காணாமல், மே 18 வெள்ளிக்கிழமை உயர்ந்த மலைகளைக் கண்டோம். சாரம் இவ்வளவே. மலிந்தி நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. கோட்டைக் கடந்து வடக்கே ஏறியதும் வடமீன் அடிவானத்திற்கு மேல் எழுந்தது. அந்த இரவு அவர்களுக்கு ஊர் நினைவு வந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. எஞ்சிய நாள்களில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. காற்று பின்னே நின்றது, நீர் குறையவில்லை, வழி தெரிந்தவன் ஒருவன் சுக்கானருகே இருந்தான். ஒன்றும் எழுதாமல் விட்டதே அம்மாலுமியின் திறமைக்கு நற்சான்று என்று கொள்ளலாம்.

ஆனால் திரும்பிய வழியைப் பாருங்கள். ஆகஸ்டு இறுதியில் கோழிக்கோட்டை மனக்கசப்போடு விட்டுப் புறப்பட்டவர்கள், கார்வாருக்கு எதிரேயுள்ள அஞ்சதீவில் தங்கி, அக்டோபர் 5-ஆம் தேதி கடலில் இறங்கினார்கள். இந்நாட்டுக் கப்பலோட்டிகள் அந்த நேரத்தில் மேற்கே பாய் விரிக்கமாட்டார்கள். வடகிழக்குக் காற்று நிலைபெறும் வரை காத்திருப்பார்கள். காமாவின் கப்பல்களில் காத்திருக்கும் பொறுமையும் இல்லை, அதற்கான இடமும் இல்லை. வந்தபோது 23 நாளில் கடந்த கடலை, திரும்பும்போது கடக்க மூன்று மாதத்திற்கு மூன்று நாள் குறைவாக ஆயிற்று. 1499-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதிதான் ஆப்பிரிக்கக் கரை தெரிந்தது. இடையில் புயல் இல்லை, போர் இல்லை. பெரும்பாலான நாள் காற்றே இல்லை, வீசினால் எதிர்க்காற்று. கடல் எண்ணெய் போல் கிடந்தது. அந்த அமைதியில் எல்லோருக்கும் ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டது, கால் வீங்கிற்று, உடல் முழுதும் வீக்கம் ஏறிற்று. அவ்வொரு கடப்பில் மட்டும் 30 பேர் இறந்தனர். முன்னரும் அதே அளவினர் இறந்திருந்தனர். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடியவராக இருந்தனர். எலுமிச்சையும் நெல்லியும் காய்த்துக் குலுங்கும் கரையிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். நோய்க்கு மருந்து அதுவே என்பதை 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கடற்படை மருத்துவர் சோதனை செய்து காட்டுவதற்கு இன்னும் இரண்டரை நூற்றாண்டு இருந்தது. கடைசியில் மூன்று கப்பல்களை ஓட்ட ஆள் போதாமல், ‘சான் ரபேல்’ என்ற கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டு இரண்டு கப்பல்களில் ஊர் திரும்பினார்கள்.

பாய்மரக் காலத்து மனிதனிடம் ‘கடலில் அமைதியான ஒரு நாள்’ என்று சொல்லியிருந்தால் அவன் முகம் மலர்ந்திருக்காது. முதலில் நீர்ப்பீப்பாயில் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்த்திருப்பான். (அந்தக் காமாவே மூன்றாம் முறையாக வந்து, 1524 டிசம்பர் 24-ஆம் தேதி நம் கொச்சியில்தான் இறந்தான். கோட்டைக் கொச்சியின் தேவாலயத்தில் அவனைப் புதைத்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்; எலும்புகளைப் பின்னர் போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.)

நீராவி வந்த பிறகுதான் அந்த நாளின் பொருள் மாறிற்று. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் கப்பல் ஓடும் என்று ஆனதும், அமைதி அச்சத்திலிருந்து விடுபட்டு ஓய்வாக உருமாறியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நாள் தவறாமல் சேரும் அஞ்சல் கப்பல்கள் ஓடின. கொச்சி மட்டும் சற்றுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. முகத்துவாரத்தில் படிந்திருந்த மணல்மேடு பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. அவை வெளிக்கடலில் நின்று தோணிகளில் சரக்கை இறக்கின. 1920-ல் இங்கே வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்த மேட்டை வெட்டி வழி செய்தார். 1928 மே 26-ஆம் தேதி ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உட்துறைக்குள் வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதே வில்லிங்டன் தீவு. கடலடியிலிருந்து எடுத்த மண்ணால் ஆன தீவில் தாம் வாழ்வதாகப் பிரிஸ்டோ வானொலியில் பேசியதும் உண்டு.

ஓய்வு கிடைத்தவர் அதனைக் கொண்டு என்ன செய்தார்கள்? பலர் தூங்கியிருப்பார்கள், சீட்டாடியிருப்பார்கள். அதில் தவறில்லை. சிலரிடம் அந்த நாள் வேறு விதமாகப் பலித்தது. காந்தியடிகள் 1909 நவம்பர் 13 முதல் 22 வரை, இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் ‘கில்டோனன் காசில்’ கப்பலில், அந்தக் கப்பலின் தாள்களிலேயே ‘இந்து சுயராஜ்யம்’ என்னும் நூலை எழுதி முடித்தார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதினார். ஊரில் இருந்திருந்தால் வருவோரும் போவோரும் வழக்குக் கட்டுகளும் பத்து நாளை அவருக்கு விட்டிருக்குமா?

நம்மவர் இருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இருவரும் ஒரே குடும்பத்தினர். அதுவும், இதைப் படிப்போரில் பலருக்குப் பழக்கமான வகைக் குடும்பம். அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு, மாற்றல் உத்தரவு காட்டிய இடமெல்லாம் சென்றவர்கள். சர் சி. வி. இராமன் 1907-ல் நிதித் துறை அலுவலராகக் கல்கத்தா சென்றவர். ரங்கூனும் நாகபுரியும் அவர் பார்த்த உத்தியோகத்தில் அடக்கம். பின்னர் அந்த வேலையை உதறிக் கல்கத்தாவிலேயே பேராசிரியரானார். 1921-ல் இங்கிலாந்து சென்று ‘நார்கண்டா’ கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணை உறுத்திற்று. கடலின் நீலம் வானத்தின் நீலத்தை எதிரொளிப்பதே என்று பேரறிஞர் ராலே சொல்லியிருந்தார். கேள்வி முடிந்துவிட்டதாக உலகம் எண்ணியிருந்தது. இராமனிடம் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவி ஒன்று இருந்தது. அதன் வழியே பார்த்து, நீர்ப்பரப்பு எதிரொளிக்கும் வெளிச்சத்தை விலக்கிவிட்டால் நீலம் மறையவேண்டும். மறையவில்லை. நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது தெளிவாயிற்று. கப்பல் பம்பாய்த் துறையில் நிற்கும்போதே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். 1928-ல் அவர் கண்ட விளைவுக்கும், 1930-ல் பெற்ற நோபல் பரிசுக்கும் அந்தக் கப்பல் தட்டு ஒரு வாயில்.

பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன், அவருடைய தமையனார் மகன் வேறொரு கப்பலில் ஏறினார். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அங்கே இரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அரசாங்க உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் செல்ல, 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் ‘பில்ஸ்னா’ என்னும் இத்தாலியக் கப்பலில் புறப்பட்டார். வயது இருபது நிரம்பவில்லை. தாயார் சீதாலட்சுமி அப்போது கடும் நோயுற்றிருந்தார். பிள்ளை தயங்கினார், போய்வா என்று அனுப்பியவர் அந்த அம்மையாரே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் அவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போவதற்கில்லை: இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவர்.

தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும் மாதம் அது. அரபிக் கடல் கொந்தளித்தது; முதல் சில நாள் படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடம் தரவில்லை. பின்னர் கடல் அடங்கிற்று. அந்த நிகழ்ச்சியற்ற நாள்களில் இளைஞர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குறுமீன்களைப் பற்றிய கணக்கைக் கையில் எடுத்தார். சூரியனளவு எடையைப் பூமியளவு உருவில் அடக்கிவைத்திருக்கும் விண்மீன்கள் அவை. நெருக்குண்ட மின்னணுக்களின் எதிர்ப்பே அவற்றைத் தாங்கி நிற்கிறது என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பவுலர் காட்டியிருந்தார். சந்திரசேகர் ஒரு கேள்வி கேட்டார்: நடுவிலுள்ள மின்னணுக்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுமே, அப்போது ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா? சேர்த்தார். விடை எதிர்பாராததாக இருந்தது. ஓர் அளவுக்கு மேல் எடையுள்ள விண்மீன் அப்படித் தங்கி நிற்கவே முடியாது. இன்று அந்த எல்லையைச் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்கிறோம். அதன் பெயர் சந்திரசேகர் எல்லை. 1935 ஜனவரியில் இலண்டனில் பேரறிஞர் எடிங்டன் அதனைச் சபை நடுவே எள்ளி நகையாடினார். 1983-ல் நோபல் பரிசு வந்தது.

கரையில் இருந்தவரோ 1931 மே மாதம் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். பம்பாய்க்குப் புறப்படுமுன் கண்டதே கடைசி.

இவையெல்லாம் அறைச் சீட்டு வாங்கியவர்களின் நாள்கள். மேசை இருந்தது; தாள் இருந்தது; கதவு இருந்தது. தமிழரில் கடல் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல்தட்டுப் பயணிகள். அவர்களுடைய நிகழ்ச்சியற்ற நாளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் கூட்டம் அது. நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் சேர்ந்தது. ஏறியவர்களின் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டன. கரையில் அவர்கள் இறங்கிய கோலத்தை அவ்வூர்ப் பத்திரிகை எழுதிற்று. நடுவே 30 நாளுக்கு மேல் உண்டு. அந்த நாள்களைப் பற்றி அவர்களே எழுதிய ஒரு வரி நம்மிடம் இல்லை. கடல்வழிச் செலவு பெண்களோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியம் விதித்தது. அந்தக் கப்பலில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஆகவே நெய்தலின் பழைய ஏற்பாடு அங்கே உடைந்துபோயிற்று. கரையில் நின்று இரங்கவேண்டியவளும் கப்பலிலேயே இருந்தாள்.

பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. தமிழ்நாட்டில் வயது முதிர்ந்தோர் இன்றும் பெயர் சொல்லும் கப்பல் ‘ரஜூலா’. 1926-ல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடிற்று. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். தகரப் பெட்டியும் பாயும் சோற்றுப் பானையுமாக ஆயிரக்கணக்கானோர் தட்டில் இடம் பிடித்துச் சென்றார்கள். முந்திய காலத்தில் கங்காணி சேர்த்துக் கொடுத்த ஆட்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை அனுப்புவதற்குத் தடை விதித்த பின், பெரும்பாலும் சொந்தக்காரரிடம் போகிறவர்களும் ஊர் கண்டு திரும்புகிறவர்களும். அக்கரை சேர்ந்தாலும் உடனே ஊருக்குள் விடுவதில்லை. நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. பினாங்கில் அதற்கென்று ஜெரெஜாக் என்று ஒரு தீவே இருந்தது. ரஜூலாவுக்குப் பின் ‘சிதம்பரம்’ என்ற கப்பல் அவ்வழியில் ஓடி, 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அந்தக் கடற்பாதையே முடிந்துபோயிற்று.

பள்ளுருத்தியில் நம் தெருவிலேயே ரஜூலாவில் சென்ற ஒருவர் இருக்கிறார் என்பது நமக்கு வெகுநாள் தெரியாது. வயது எழுபதைத் தாண்டிய தஞ்சைப் பக்கத்து அம்மையார். மட்டாஞ்சேரியில் மசாலாக் கடையில் கணக்கெழுதியவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். சிறுமியாக இருந்தபோது தாயாரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனாராம்; தகப்பனார் முன்னரே அங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தார். நாகப்பட்டினத்தில் துறை ஆழமில்லாமையால் தோணியில் போய்க் கப்பலில் ஏறியதையும், ஏணியில் ஏறும்போது தாயார் தம் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியையும் சொன்னார். பினாங்கில் மருந்து வாடையையும், வரிசையில் நின்றதையும், முதன்முதலில் பார்த்த சீனக் கடையையும் சொன்னார். இடையில் உள்ள நாள்களைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நண்பரின் பயண நிரல் நம் நினைவில் இருந்ததால் கேட்டோம்: “நடுக்கடலிலே, கரையே தெரியாத நாளிலே, என்ன நடந்தது அம்மா?”

“ஒண்ணும் நடக்கல தம்பி” என்றார். மடியில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, “எங்கம்மா உட்கார்ந்திருந்தாங்க” என்றார்.

நமக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். ஊரில் நடவும் களையெடுப்பும். போய்ச் சேர்ந்த மறுவாரமே விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போய்விட்டார்கள். நடுவிலே அந்தக் கப்பலில் ஒரு நாள், மழையும் இல்லை, ஆட்டமும் இல்லை; பொட்டியில் சாய்ந்துகொண்டு, காலை நீட்டி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். “அதுக்கு முன்னாடியும் அவங்க அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. அதுக்கப்புறமும் பார்த்ததில்ல. பசிக்குதுன்னு எழுப்பலாமான்னு பயமா இருந்துச்சு.”

நண்பருக்குப் பயண நிரலை எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தத் தேதிகளுக்கு எதிரே ‘நாள் முழுவதும் கடலில்’ என்று எழுதியிருக்கிறோம். மூலத்தில் ‘முழுவதும்’ என்ற சொல் இல்லை.